ஒன்பதாவது மாடிக்குக் கொஞ்சம் கீழே

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. எட்டாவது மாடியும் இல்லை, ஒன்பதாவது மாடியும் இல்லை. நடுவில், யாருக்கும் சொந்தமில்லாத இடம்.

உள்ளே நான், என் மாப்பிள்ளை, தன் உயரத்துக்கு ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த பார்சல்காரர்.

ஒன்பதாவது மாடியில்தான் பரீட்சை. பத்து மணிக்குக் கூடத்தின் கதவைச் சாத்திவிட்டால், மந்திரியே வந்து தட்டினாலும் திறக்கமாட்டார்கள். இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

முதலீட்டு ஆய்வாளர் பட்டத்துக்கான பரீட்சை அது. மொத்தம் மூன்று கட்டம். முதல் கட்டத்தை மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே தாண்டிவிட்டார். இரண்டாவதை என் பேத்தி பிறந்த வருஷம். மூன்றாவதில் உட்கார்ந்திருக்கிறார். பேத்திக்கு முன்பல் விழுந்து, வேறு பல்லும் முளைத்துவிட்டது.

அப்பா என்ன செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, "படிக்கிறார்" என்று சொல்லியிருக்கிறாள். எந்த வகுப்பு என்று டீச்சர் எங்களுக்குப் போன் செய்து விசாரித்தார்.

வீட்டில் யாரும் சத்தம் போடுவதில்லை. சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்கிறது என்று என் மகள் பேட்டரியைக் கழற்றிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நேரமே ஆகவில்லை. பேத்தி வாயை மூடிக்கொண்டு தும்முவாள். நாய் வாலால்தான் குரைக்கும். அது ஆடுகிற வேகத்தைப் பார்த்து, வந்திருப்பது தபால்காரரா விருந்தாளியா என்று நாங்களே தெரிந்துகொள்வோம். நம்பாதவர்கள் நேரில் வந்து பார்க்கலாம், செருப்பைத் தெருமுனையிலேயே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு.

மாப்பிள்ளை கம்பெனிகளின் கணக்கு வழக்கை அலசி, பங்கை வாங்கலாமா விற்கலாமா என்று அறிக்கை எழுதுகிறவர். அறிக்கை இவருடையது, அதன் அடியில் வரும் பெயர், பட்டம் வாங்கிய வேறொருவருடையது. அந்த இடத்தில் தன் வீட்டுக்காரர் பெயர் வரவேண்டும் என்பது என் மகளின் ஆசை. ஆசை என்றா சொன்னேன்? தீர்ப்பு.

போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை மெல்ல ஆரம்பித்தார்.

"நிறுத்திடலாம்னு பார்க்கிறேன்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஃபேனை," என்றார்.

எழுந்து போய் நிறுத்தியும்விட்டார். எல்லோரும் வேர்க்க விறுவிறுக்கச் சாப்பிட்டு முடித்தோம்.

இன்று காலை மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அப்பா, அவர் நாற்காலியில உட்கார்ற வரைக்கும் கூடவே இருங்க. என்ன?" கையில் விலங்கு ஒன்றுதான் கொடுத்தனுப்பவில்லை.

இப்போது லிஃப்டின் கூரையில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. "நின்னுடுச்சா? பயப்படாதீங்க, என்னன்னு பார்க்கிறேன்." கீழே இருக்கும் காவலாளி.

பார்சல்காரர் பெட்டிக்குப் பின்னாலிருந்து பேச்சுக் கொடுத்தார். "சார் என்ன பரீட்சைக்குப் போறார்?"

"எந்தக் கம்பெனிப் பங்கு மேல போகும்னு சொல்ற படிப்பு," என்றேன்.

"சொல்லிடுவாரா?"

"சொல்ல முடியாதுங்கிறதை நாற்பது பக்கத்துல சொல்லுவார்."

"முதல்ல இந்த லிஃப்ட் மேல போகுமான்னு சொல்லச் சொல்லுங்க பெரியவரே."

வேறொரு நாளாக இருந்தால் மாப்பிள்ளை, நிகழ்தகவிலிருந்து தொடங்கி அவருக்கு ஒரு பாடமே நடத்தியிருப்பார். இன்று சிரித்தார். வாய்விட்டு. அவருடைய கடைவாய்ப் பல்லை நான் கல்யாண ஆல்பத்துக்கு அப்புறம் இன்றுதான் பார்க்கிறேன்.

பிறகு ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார்.

அதிர்ச்சியில் சிலருக்கு இப்படி ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. எப்போதும் காதுவரை தூக்கியே வைத்திருக்கும் தோள் இரண்டும் தொங்கிக் கிடந்தன. ஆள் இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தார்.

பாவம், இத்தனை வருஷப் படிப்பு இந்த லிஃப்டுக்குள் வீணாகப் போகிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. தட்டிக்கொடுத்தேன்.

"கவலைப்படாதீங்க மாப்பிள்ளை. இதோ திறந்துடுவாங்க."

பாட்டு நின்றது.

கூரை மறுபடியும் கரகரத்தது. "சார், மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. உள்ளே யாரோ சிவப்புப் பட்டனை அமுக்கி வச்சிருக்கீங்க. அதை வெளியே இழுத்து விடுங்க, தானா கிளம்பிடும்."

பார்சல்காரருக்குத் தன் பெட்டியைத் தவிர எதுவும் தெரியவில்லை. "உங்க பக்கம் இருக்கா பாருங்க பெரியவரே."

பார்த்தேன்.

பட்டன் பலகையை முழுசாக மறைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் முதுகு, சுவரொட்டி மாதிரி அப்பியிருந்தது.

அவரும் என்னைப் பார்த்தார். கெஞ்சவும் இல்லை. நகரவும் இல்லை.

கதவு சாத்த இன்னும் கொஞ்ச நேரம்தான். என் மகளின் முகம் ஒரு தரம் கண்முன்னே வந்தது. சாப்பாட்டு மேஜையில் நிமிர்ந்து பார்த்தாளே, அதே முகம்.

நான் கூரையை அண்ணாந்து பார்த்துக் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இங்க சிவப்பா ஒண்ணையும் காணோமேப்பா. யாராவது ஆளை அனுப்பு. அவசரமில்ல, நிதானமா வரட்டும்."