ஜீரக டப்பாவில் ஓர் ஆணி

தாவூத் செய்த பெட்டியைப் பார்க்கச் செஞ்சி பஜாரே வந்து போனது. அவன் மனைவி சாகிராவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

பலகைப் பெட்டிக்குள் இரண்டு உருளை. அதில் சுற்றிய துணியில் திண்டிவனம் ரோடும் புளியமரமும் படுத்துக் கிடக்கும் எருமையும் பெயின்ட்டில். பின்னால் தாவூத் கைப்பிடியைச் சுற்றினால் ரோடு ஓடும். முன்னால் உட்கார்ந்தவர் எருமைமேல் மோதாமல் தகரக் காரை ஓட்ட வேண்டும். மோதினால் மணி அடிக்கும்.

“பஸ்ஸுன்னா ஸ்டியரிங், ஆட்டோன்னா ஹேண்டில். ரெண்டையும் காரோட பூட்டறதுக்கு ஒரே ஆணி. மாட்டு வண்டிக்கு அதுவும் வேணாம். காருல இருக்கற வளையத்துல கயித்தக் கட்டினா போதும்” என்றான் தாவூத்.

“சரி. அதுக்கு இன்னா இப்போ?”

“சந்தையில கூட்டம் சேந்துச்சுன்னா ரேடியோ கடை வேலைய விட்டுட்டு, ஊர் ஊரா திருவிழாவுக்குக் கிளம்பிடலாம்.”

“கைக்குழந்தைய வெச்சுக்கிட்டா?”

“அவன்தான் கண்டக்டர்.”

“விளையாடாதீங்க. மாசம் பொறந்தா வர்ற சம்பளத்த விட்டுட்டு…”

“நீ படிச்ச கான்வென்ட்டுல பயப்படறதுக்குத் தனியா பாடம் வெச்சிருந்தாங்களா புள்ள?”

சந்தை அன்று காலை, தள்ளுவண்டி கொண்டுவர அவன் வெளியே போன நேரம். சாகிரா அந்த ஆணியை உருவி ஜீரக டப்பாவில் போட்டு மூடினாள். திருடுவது பாவம் என்று கான்வென்ட் சிஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பொருள் எப்படித் திருட்டாகும் என்று தானே ஒரு தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

சந்தையில் பையன்கள் மொய்த்துவிட்டார்கள். தாவூத் ஸ்டியரிங்கை மாட்டினான். அது பம்பரம் மாதிரி சும்மா சுற்றியது. ஹேண்டிலும் அப்படியே.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே வந்திருந்த சாகிரா வேறு பக்கம் பார்த்தாள்.

“ரிப்பேர்ப்பா. அடுத்த சந்தைக்கு வாங்க” என்றான் தாவூத். கூட்டம் கலைந்தது. அவன் பெட்டிமேல் துணியைப் போர்த்த ஆரம்பித்தான். சாகிரா நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அவன் முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“இன்னாப்பா, அந்தக் கயிறு எதுக்கு?”

கேட்டவர் தளவானூர் ஆதிமூலம். காலையில்தான் தன் மாட்டு ஜோடியை விற்றிருந்தார். கூட அவர் மனைவி பவுனம்மாள்.

“மாட்டு வண்டி ஓட்டறதுக்குப் பெரியவரே.”

“கட்டு, பாப்போம்.”

“நெசமான வண்டியிலயே தூங்கிக்கினு வர்ற ஆளு. மாடுங்கதான் வீடு சேக்கும். இதுல மாடும் இல்ல” என்றாள் பவுனம்மாள்.

“நீ கம்முனு இரு.”

ஆதிமூலம் கயிற்றைப் பிடித்தார். ரோடு ஓடியது. எருமை வந்தபோது இடது கயிற்றைச் சற்றே இழுத்து, நாக்கைத் தட்டி, ஒதுங்கிப் போனார். மணி அடிக்கவில்லை. திரும்பவும் ஓட்டினார். எழுந்திருக்க அவருக்கு மனசே இல்லை.

“தள்ளுய்யா, நான் ஓட்டறேன்” என்று பின்னால் ஒரு குரல். ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காத விவசாயிகள் எல்லாரும் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

“கயிறு யாருப்பா யோசன?” என்று ஒருவர் கேட்டதற்கு, “எங்க வீட்டுக்காரம்மாதான்” என்றான் தாவூத் சத்தமாக. சாகிராவுக்குக் காது சிவந்தது.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து ஆணியை எடுத்தாள்.

“என்னங்க… அடுப்பாண்ட கிடந்துச்சு.”

தாவூத் அதை மூக்கருகே வைத்துப் பார்த்தான். “ஜீரகம் வாசன வருது.”

அவள் தலை குனிந்தாள். அவன் சட்டைப் பையில் கைவிட்டு, அதே மாதிரி இன்னொரு ஆணியை எடுத்து நீட்டினான்.

“இது ஸ்பேர். காலையிலேருந்து பையிலதான் இருக்குது.”

“அப்ப ஏங்க மாட்டல?”

“நீ டப்பாவ மூடனத ஜன்னல் வழியாப் பாத்தேன். சந்தைக்குப் போற வழியிலயே ரேடியோ கடை முதலாளிகிட்ட, வேலைய விடப்போறதில்லன்னு சொல்லிட்டேன்” என்றான் தாவூத். “பெட்டி ஓடலன்னு நாலு பேரு சிரிச்சா போவட்டும். நீ பயந்துக்கினு இருக்கறப்ப நான் எந்த ரோட்ல வண்டி ஓட்டறது?”