பெரிய எழுத்து

ஏற்காடு டிசைன் வகுப்பில் போஸ்டர்களைத் திருத்தித் திருத்தி ஜெயபிரகாஷுக்குக் கண் எரிந்தது. கற்பனையாக ஒரு ‘காணவில்லை’ போஸ்டர் செய்வதுதான் பயிற்சி. எல்லோரும் நெட்டில் கிடைத்த முகங்களைப் போட்டிருந்தார்கள்.

நாகலூர் கோகிலா லேப்டாப்பில் மறுபடியும் அதே தடித்த எழுத்துகளோடு வந்து நின்றாள்.

“எத்தன தடவ சொல்றது கண்ணு? எழுத்தே எடத்தையெல்லாம் அடைச்சுக்குது. சின்னதாக்கு.”

“சின்னதாக்குனா தெரியாதுங்க சார்.”

ஜெயபிரகாஷ் சலித்துக்கொண்டார். “பக்கத்துல நின்னு படிக்கறவங்களுக்குக் கூடவா தெரியாது?”

“எங்கப்பாவுக்குத் தெரியாதுங்க.”

“அவரு எதுக்கு இதப் படிக்கோணும்?”

கோகிலா திரையில் இருந்த முகத்தையே பார்த்தாள்.

“கோவிச்சுக்கிட்டுப் போறப்ப, கண்ணாடிய ஊட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டாருங்க.”