கத்தியில் பூசிய கொழுப்பு

"கத்தியில என்ன பூசியிரிக்காய், ராசதுரை? கெதியாச் சொல்லு!"

அபூசாலியின் காலடியில் கிடாய் கிடந்தது. மாவடிப்பள்ளியில் வாங்கி, நிந்தவூருக்கு வயல் வரம்பால் நடத்தி வந்த கிடாய். உழவு மெசின் இழுத்துவந்த பெட்டியின் சக்கரம் அதன் இடுப்பில் ஏறிவிட்டது. இன்னும் மூச்சு இருந்தது. மூச்சு இருக்கும்போது அறுத்தால் இறைச்சி. நின்றுவிட்டால் ஹறாம், புதைக்கத்தான் வேண்டும். இன்று இரவு மகளுக்கு நிச்சயமான மாப்பிள்ளையின் வீட்டார் முதன்முதலாகச் சாப்பிட வருகிறார்கள். விருந்துக்கு இருந்தது இது ஒன்றுதான்.

அபூசாலி தன் கத்தியைக் கொண்டுவந்திருக்கவில்லை. பக்கத்து வயல்வாடிக் குடிசையிலிருந்து இராசதுரைதான் தன் கத்தியை எடுத்து ஓடி வந்து கொடுத்தான். பின்னாலேயே அவன் மனைவி நேசம்மாவும் வந்தாள்.

கடற்காற்றும் இரவுப் பனியும் சேர்கிற அந்த வயலில், இரும்பை ஒரு ராத்திரி வெளியே விட்டால் காலையில் சிவந்துபோயிருக்கும். அதற்கு ஆளுக்கொரு வழி உண்டு. அபூசாலி தன் கத்தியை எண்ணெய் வைத்த தலைமுடியில் இரண்டு இழுப்பு இழுத்து வைப்பார். ஆனால் தேங்காயெண்ணெய் வெயிலில் இளகி வழிந்துவிடும். தோல் உறையில் போட்டால் இன்னும் மோசம். தோல் ஈரத்தைக் குடித்துவிட்டுக் கத்திக்கே கொடுக்கும். உருக்கி ஆறிய கொழுப்பு மட்டும்தான் இரும்போடு ஒட்டிக் கிடக்கும். தண்ணீர் பட்டால் முத்து முத்தாய் உருண்டு விழும். இராசதுரையின் கத்தி அப்படித்தான் வெள்ளைப் பூச்சோடு மினுங்கியது.

அதுதான் பயம். அந்த வட்டாரத்தில் வயலழிக்கும் பன்றிகளுக்குச் சுருக்கு வைப்பவன் இராசதுரை.

"சும்மா அறுங்க காக்கா. ஹறாம் ஒண்டும் அதில இல்ல." அபூசாலியை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் இராசதுரை கூப்பிடுவான்.

"ஹறாம் ஹலால் எப்பதொட்டு நீ படிச்ச? என்ன கொழுப்பெண்டு கேட்டா, கொழுப்புட பேரச் சொல்லன்!"

இராசதுரை வாயைத் திறந்தான். பக்கத்தில் நின்ற நேசம்மாவைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"சொல்லுங்களன்," என்றாள் நேசம்மா. அம்மன் கோயிலில் தீ மிதிப்பதற்காகக் கையில் காப்புக் கட்டியிருந்தாள். "போன வருசம் என்ட சட்டியில உருக்கினதுதானே? பன்றிக் கொழுப்பெண்டுதான் நான் நினைச்சன். சாம்பல் போட்டுத் தேச்சே என்ட கை போச்சு."

"யா அல்லாஹ்!" அபூசாலி கத்தியைக் கீழே போட்டுவிட்டார்.

பன்றி பட்ட பொருளை ஏழு தரம் கழுவ வேண்டும். அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். அவர் ஓலைத் துண்டு ஒன்றால் கத்தியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினார். நேசம்மாவும் வாளியோடு ஓடினாள்.

"நீ கிடாயப் பிடி!" என்று திரும்பிக் கத்தினார்.

இராசதுரை கிடாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டான்.

முதல் வாளியில் ஒன்றும் அசையவில்லை. தண்ணீர்தான் உருண்டு ஓடியது. கொழுப்பைத் தண்ணீர் தொடாது, மண்தான் பிடித்து இழுக்கும். அபூசாலி சேற்றை அள்ளி அலகில் தேய்த்தார். நேசம்மா ஊற்றினாள்.

"ரெண்டு," என்றார்.

"காக்கா, கண் சொருகுது!" இராசதுரை அங்கிருந்து கத்தினான். "கழுவினது போதும், வாங்க!"

"ஊத்து புள்ள. மூணு!"

"காக்கா, நான் சொல்றதக் கேளுங்க..."

"நீ சொல்ல வேண்டிய நேரம் சொல்லல்ல! ஊத்து... நாலு!"

"அதுட கால் அடங்குது காக்கா!"

ஐந்தாவது வாளி ஊற்றும்போது இராசதுரையின் சத்தம் நின்றது. அபூசாலி நிமிர்ந்து பார்த்தார். அவன் கிடாயின் தலையை மெதுவாகத் தரையில் இறக்கிக்கொண்டிருந்தான்.

பளிச்சென்று கழுவிய கத்தியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மண்வெட்டி எடுத்து வாறன்," என்று நேசம்மா வாடிக்கு நடந்தாள்.

அவள் எட்டப் போகும்வரை காத்திருந்து இராசதுரை தணிந்த குரலில் சொன்னான்: "அது பன்றி இல்ல காக்கா. மாடு. பன்றியெண்டா அவள் சட்டியத்தான் தேச்சுக் கழுவுவாள். மாடெண்டு தெரிஞ்சா என்னையே வெளிய போட்டுடுவாள். அதுவும் காப்புக் கட்டின நேரம்."

அபூசாலி கிடாயைப் பார்த்தார். கழுவியது வீண் இல்லை என்று மனம் ஆறுவதற்கு அவருக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது.

"மாடெண்டாலும்... ஆர் அறுத்த மாடோ, என்ன முறையில அறுத்ததோ?"

இராசதுரை தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்கதான் காக்கா, போன ஹஜ்ஜிப் பெருநாளைக்கு. உங்கட வீட்டில வச்சு றபீக்கா மதினிதான் டின்னில போட்டுத் தந்தவ."