மீட்டிங் அதாவுல்லா

"இந்த ஊட்டுக்கு இனி நான்தான் ஹெட்டாம்" என்று புருசன் அதாவுல்லா சொன்னதும் றபீக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீடு எங்கே இருக்கிறது? கல்முனைக் கடற்கரையில் இருந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. மிச்சம் முகாமில் இந்தத் தகரக் கொட்டில்தான். இதற்கு ஒரு ஹெட்.

முகாமுக்குத் தொண்டு நிறுவனங்கள் வந்தன. கூடவே அவர்களுடைய இங்கிலீசும் வந்தது. கொஞ்ச நாளிலேயே அது எல்லார் வாயிலும் ஏறிவிட்டது. பிள்ளை பயந்து அழுதால் 'ட்ரோமா'. மருமகளோடு கொழுவல் என்றால் 'சென்சிட்டிவ் மேட்டர்'. மீன்காரர்கூட, மணக்கத் தொடங்கிய சூரையைத் தட்டிக் காட்டி, "இது வல்னரபிள், பாதி விலைக்கு எடுங்க" என்பார்.

இதில் அதாவுல்லாவை மிஞ்ச ஆளில்லை. எந்த மீட்டிங் என்றாலும் முன் கதிரை அவருக்குத்தான். திரும்பி வந்தால் 'ஸ்டேக்ஹோல்டர்' என்பார், 'ஜெண்டர்' என்பார். பிளேன்டீக்கும் பிஸ்கட்டுக்கும் அலைகிறார் என்று முகாமே சிரித்தது. 'மீட்டிங் அதாவுல்லா' என்று பட்டமும் வைத்தாயிற்று. றபீக்கா வெட்கத்தில் அந்தக் கூட்டங்களின் பக்கமே தலைகாட்டியதில்லை.

இந்த 'ஹெட்' வந்த பிறகு வெட்கம் போய்ப் பயம் பிடித்தது.

நிறுவனம் கட்டித் தரும் புது வீடு, குடும்பத்தின் ஹெட் பெயரில்தான் பதிவாகுமாம். ஹெட் என்றால் ஆண்பிள்ளையாம்.

கடல் எடுத்தது றபீக்காவின் சீதன வீடு. அவளுடைய உம்மா எழுதிக் கொடுத்தது. உம்மாவையும் வீட்டையும் ஒரே அலைதான் கொண்டுபோனது. அடுத்து அது ஒரே மகள் பஹ்மிதாவுக்குப் போக வேண்டியது. இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வார்; வீடில்லாத பெண்ணை யார் கட்டுவார்கள்? வாப்பா பெயரில் வீடிருந்து அவர் மௌத்தாகிப் போனால், அவருடைய கூடப்பிறந்தவர்களுக்கும் அதில் பங்கு போய்விடும்.

அதாவுல்லாவின் அண்ணன், சீனிமுகம்மது காக்கா, அதை நன்றாக யோசித்து வைத்திருந்தார். தம்பியின் கொட்டிலுக்கு இப்போது அடிக்கடி வந்தார்.

"தம்பி, நீதானே ஹெட்டு. யோசிக்காமக் கையெழுத்தப் போடு."

"பாப்பம் காக்கா" என்று அதாவுல்லா தலையாட்டினார்.

காக்கா போனதும் றபீக்கா பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சருங்க, அது நம்மட பஹ்மிதாட ஊடு. உங்கட பேருல எழுதப்போறீங்களா?"

"அதெல்லாம் ப்ரொசெஸ் புள்ள. நடந்தாத் தெரியும்."

"ப்ரொசெஸ்? என்ட உம்மாட ஊட்டுல இவ்வளவு காலம் திண்டு குடிச்சிட்டு, இப்ப ப்ரொசெஸ்?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். அவரை அன்றைக்கு றபீக்கா மனதார வெறுத்தாள்.

பதிவு நாள் வந்தது. கொழும்பிலிருந்து வந்த நிறுவனத்துப் பெண் அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். முகாமுக்கு அவர் 'மிஸ்'. ஒவ்வொரு ஆண்பிள்ளையாகப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். சீனிமுகம்மது வெள்ளைச் சாறன் உடுத்திக்கொண்டு முன்னாலேயே நின்றார்.

"அதாவுல்லா குடும்பம். ஹெட் யாரு?"

அதாவுல்லா எழுந்தார். "மீட்டிங் வாறார்" என்று பின்னால் யாரோ கிண்டலடித்தார்கள். றபீக்கா முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டாள்.

"அந்தா நிக்கிறா மிஸ்" என்று அவர் கையை நீட்டினார். "றபீக்கா. அவட பேர எழுதுங்க."

கூட்டம் சிரித்தது. காக்கா பாய்ந்து வந்தார்.

"மானம் போகுதுடா. ஆம்பிள நீ இரிக்கக்குள்ள பொம்பிள ஹெட்டா?"

மிஸ் சிரிக்கவில்லை. "கொஞ்சம் பொறுங்க. பொம்பிளைட பேரிலயும் எழுதலாம் என்டு நேத்துத்தான் எங்கட மேலிடம் சம்மதிச்சது."

பிறகு றபீக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு மீட்டிங் விடாம உங்கட அவர் கேட்டது இது ஒண்டத்தான். முதல்ல தமிழில கேட்டார், நாங்க கவனிக்கல்ல. பிறகு எங்கட சொல்லையே பொறுக்கி எடுத்து 'ஜெண்டர், ஜெண்டர்' என்டு நிண்டார். கரைச்சல் தாங்காமத்தான் மேல எழுதிப் போட்டம்."

திண்டு குடிச்சிட்டு என்று அன்றைக்குச் சொன்னது றபீக்காவின் நெஞ்சைச் சுட்டது. அவரைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தாள்.

"ஹெட், றபீக்கா" என்று மிஸ் எழுதினார். "அப்ப உங்கள என்னென்டு எழுதுற?"

காக்கா முறைத்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். இத்தனை மீட்டிங்கில் பொறுக்கிய இங்கிலீசில் ஒன்றையும் அதாவுல்லா தேடவில்லை.

"அவட ஊட்டுக்கு வந்த மாப்புள, மிஸ்."