அட்டையில் இல்லாத ஊர்

மாதா கோயில் மண்டபத்துத் தரையில் சாக்பீஸால் கடல் வரைந்திருந்தார்கள்.

இந்தப் பக்கம் மன்னார். அந்தப் பக்கம் ராமேஸ்வரம். நடுவில் ரெண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, அதுதான் படகு என்றார்கள்.

ஆரோக்கியசாமிக்கு இந்தக் கூத்தெல்லாம் பிடிக்காது. அகதிகள் தினமாம். வேலூரிலிருந்து வந்த காலேஜ் பெண் பிரிசில்லா ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்து, நீங்கள் இப்போது அகதி, வீட்டை விட்டு ஓட வேண்டும், எதை எடுப்பீர்கள், எந்த வழியில் போவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அரைநாள் ஷிப்ட் முடித்து வந்த ஷூ கம்பெனிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

அவர் விளையாட்டைப் பார்க்க வரவில்லை. ஜெயகரனைப் பார்க்க வந்தார்.

அவர் மகள் ஆக்னஸைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். அவளோடு அதே கம்பெனியில், கட்டிங் செக்‌ஷனில் வேலை. சொந்த ஊர் தூத்துக்குடி, அப்பா அம்மா இல்லை என்று சொல்லியிருந்தான். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் பூசையில் ரெண்டு ஓலை வாசித்தாயிற்று. நாளைக்கு மூணாவது ஓலை. அதற்குமேல் நிறுத்த முடியாது.

நேற்று அவர் வேலை பார்க்கும் தோல் டேனரி வாசலில், கூட வேலை செய்யும் சர்தார் பாஷா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டே ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனான்.

"இன்னா தோஸ்த், உன் மாப்ள மின்னூர் கேம்ப்கிட்ட பஸ் எறங்குறான்? சிலோன் ஆளா அவன்?"

அப்போதிருந்து சோறு இறங்கவில்லை.

அகதி கேம்ப் ஆள் என்றால் மாசாமாசம் தலை எண்ணுவார்கள். வெளியூர் போக ஒருத்தனிடம் கேட்டு நிற்க வேண்டும். எங்கேயாவது ஒன்று நடந்தால் போலீஸ் முதலில் தட்டுவது இவன் கதவைத்தான். பிறக்கிற பிள்ளைக்கும் அதே கதி. ஒருநாள் எல்லோரும் கிளம்புங்கள் என்று கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினால், ஆக்னஸ் எந்தக் கரையில் நிற்பாள்?

நேராகக் கேட்கலாம். இல்லை என்பான். வாய்ப்பேச்சை நம்புகிற ஆள் அவர் இல்லை. தோலின் மேல்பக்கத்தை எவன் வேண்டுமானாலும் பளபளப்பாக்கிவிடுவான். திருப்பிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்.

தூணோரம் நின்று கண் கொட்டாமல் பார்த்தார்.

வீட்டிலிருந்து எதை எடுப்பாய் என்றதற்கு ஜெயகரன் கிரிக்கெட் மட்டை என்றான். மண்டபமே சிரித்தது. பெஞ்சுப் படகில் எழுந்து நின்று, கரையில் இருந்தவர்களுக்கு டாட்டா காட்டினான். ஆக்னஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

கடலில் தப்பி வந்தவன் படகில் இப்படியா எழுந்து நிற்பான்? ஆரோக்கியசாமிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பாஷா வயிற்றெரிச்சல் பிடித்தவன். வேறொன்றும் இல்லை.

"ஐயா, சும்மாத்தானே நிக்கிறீங்க, வந்து ஆபீசரா உக்காருங்க. அந்த மீசைக்கு நல்லா இருக்கும்" என்று பிரிசில்லா அவரை இழுத்துக்கொண்டு போய், ராமேஸ்வரத்துக் கரையில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள்.

கையில் ஒரு முத்திரை. ஷூ அடிப்பாக ரப்பரில் வெட்டிய முத்திரை. வருகிறவர்களிடம் ஊரைக் கேட்க வேண்டும். அட்டையில் உள்ள ஊரைச் சொன்னால் குத்தி உள்ளே விட வேண்டும். தப்பாகச் சொன்னால் திருப்பி அனுப்ப வேண்டும். எல்லா அட்டையிலும் ஒரே ஊர்தான். மன்னார்.

முதலில் வந்த பேக்கிங் செக்‌ஷன் பெண்கள், "மன்னாரு சார்" என்று கத்திவிட்டு ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தார்கள். குத்தினார். அடுத்து வந்தவன் சிலோன்காரன் மாதிரி இழுத்துப் பேசிக் காட்டிக் கைதட்டல் வாங்கினான். குத்தினார்.

ஜெயகரனும் ஆக்னஸும் வந்து நின்றார்கள்.

"எந்த ஊரு?"

விளையாட்டுக் கேள்விதான். தன் குரல் விளையாட்டாக இல்லை என்பது அவர் காதுக்கே கேட்டது.

ஜெயகரன் அட்டையைப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"தூத்துக்குடிங்க."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. "அட்டையப் படிய்யா மாப்ள!" என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான். பிரிசில்லா ஓடிவந்து அட்டையில் விரலை வைத்துக் காட்டினாள். இத்தனை பேரும் கூசாமல் சொல்லிவிட்டுப் போன ஒற்றை வார்த்தை.

"தூத்துக்குடி" என்றான் மறுபடியும். மேலுதடு வேர்த்திருந்தது.

ஆரோக்கியசாமிக்கு விளங்கிவிட்டது. அந்த ஊர்க்காரனாக இல்லாதவனுக்கு அதைச் சொல்ல இன்னா கஷ்டம்?

"ஊர் தப்பு ஐயா, திருப்பி அனுப்பிடுங்க" என்றாள் பிரிசில்லா.

அவர் வாயைத் திறந்தார்.

அதற்குள் ஆக்னஸ் முன்னால் வந்து, ஜெயகரன் கையிலிருந்த அட்டையை வாங்கி மேசை மேல் வைத்தாள். அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அப்பா என்றும் கூப்பிடவில்லை.

"மன்னார் சார். வங்காலை. நாங்க ரெண்டு பேரும்."

அட்டையில் வங்காலை என்று எங்கேயும் இல்லை. மன்னாரில் அப்படியொரு ஊர் இருப்பதை அவளுக்கு வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

பின்னால் வரிசை நெருக்கியது. சீக்கிரம் விடுங்க ஆபீசர் என்று சத்தம் போட்டார்கள். ஆக்னஸ் நகரவில்லை. நாளைக்குப் பூசையில் அவர் எழுந்து சொல்லக்கூடியது எல்லாம் தெரிந்தவள்போல அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆரோக்கியசாமி முத்திரையை எடுத்துக் குத்தினார். மை காய்ந்துபோயிருந்தது, விழவில்லை.

வாயருகே கொண்டுபோய் ஊதினார். ரெண்டு கையாலும் பிடித்து, மறுபடியும் வைத்து அழுத்தினார்.