சுத்தமான வேர்

தூறல் விட்டபாடில்லை. தோட்டக்காரர் முதுகில் தெளிப்பானைச் சுமந்தபடி உருளைக்கிழங்குத் தோட்டத்து வரப்பில் நிற்கிறார். கலக்கிய மருந்து உள்ளே களக் களக்கென்கிறது. மழை விட்டால்தான் அடிக்க முடியும். நாளைக்கு வைத்தால் அது வெறும் கலங்கல் தண்ணீர். அவர் மனைவி குனிந்து ஓர் இலையைத் திருப்புகிறாள். மேலே எண்ணெய் சிந்தியதுபோல் ஒரு கறை. பின்புறத்தில் மாவு தூவியதுபோல் வெள்ளைப் பூசணம். கருகல் நோய்; ஈரம் நீடித்தால் நாலே நாளில் தோட்டமே கருகிவிடும். அடுத்த செடியைத் திருப்புகிறாள். அதிலும் மாவு. போன போகத்தை வேர்ப்புழு தின்று தீர்த்ததால், மகளுக்கு வரன் பார்ப்பதுபோல் நாலு இடத்தில் விசாரித்து, புழு அண்டாத ரகமாக வாங்கி நட்டவர் அவர். அன்றிலிருந்து அவர் கண் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. வாரம் தவறாமல் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தவருக்கு, இன்று காலை மனைவி காட்டும்வரை ஓர் இலையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவேயில்லை. இப்போதும் கை பழக்கதோஷத்தில் ஒரு செடியைப் பிடுங்குகிறது. கோலிக்குண்டு அளவில் பிஞ்சுக் கிழங்குகள் தொங்குகின்றன.

"மழ விட்டதும் அடிச்சிடலாம்," என்கிறார்.

"விடணுமே."

அவர் வானத்தைப் பார்க்கவில்லை. செடியை அவள் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். "வேரப் பாரு. ஒரு புழு இருக்கா?"

"இல்லங்க," என்கிறாள் அவள், பிடித்திருந்த இலையைப் பச்சைப் பக்கம் மேலே வரும்படி திருப்பி விட்டுக்கொண்டே. "வேர் நல்லாத்தான் இருக்கு."

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. ஒட்டியிருந்த கொஞ்சநஞ்ச மண்ணையும் மழை கழுவிவிட, வேர் இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது.