குக்கர் படம் போட்ட பூட்டு

ராஜாத்தி கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கூலர் காற்றிலும் நெற்றி வேர்த்திருந்தது.

"ஜல்தி முடிச்சிடு தம்பி. மூணு மணிக்கு வேற ஆள் வருது."

"மொத தடவைன்னா கொஞ்சம் டைம் ஆகும் அக்கா," என்றான் சுந்தரேஷ். "போனைக் குடுங்க."

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தரையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த வள்ளியம்மை சிரித்துவிட்டாள். "இந்தக் கட்டில்ல உக்காந்து போனை மட்டும் கேட்ட மொத ஆம்பள நீதாம்ப்பா."

நாட்டின் தலைநகரிலேயே, கிட்வாய் நகர் அரசுக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் அவன். இருந்த வேலையை விட்டுவிட்டு, இந்தத் தொழிலில் இருக்கும் பெண்களுக்காக ஒரு ஆப் செய்திருந்தான். வெளியே பார்த்தால் குக்கர் விசில் எண்ணுகிற ஆப். ரகசிய எண்ணை அழுத்தினால் உள்ளே ஒரு பெட்டி திறக்கும். வருகிறவர்களுக்கு அனுப்புகிற படங்கள், கை நீட்டி அடிக்கிற ஆட்களின் நம்பர்கள் எல்லாம் அதற்குள். செய்தவனே நினைத்தாலும் திறக்க முடியாது.

குக்கர் வேஷம் வள்ளியம்மையின் யோசனை. "பூவு, நகைன்னு படம் போட்டா எவனாவது தொட்டுப் பாப்பான். குக்கர்னு போடு, ஒரு ஆம்பளையும் கிட்ட வரமாட்டான்."

ராஜாத்திக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மகள் பிரியதர்ஷினி புசா ரோட்டில் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறாள். அம்மா ஜனக்புரி வீடுகளில் சமையல் செய்கிறாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த நம்பிக்கை அப்படியே இருக்க வேண்டும்.

குளிர் தொடங்கிய சமயம் தெரியாத எண்ணிலிருந்து ராஜாத்திக்கு அவள் படமே வந்தது. யாருக்கும் அனுப்பாத, முகம் தெரிகிற படம். சொன்ன இடத்துக்குப் போ, காசு கேட்காதே, மாட்டேன் என்றால் இது உன் மகள் பள்ளிக்கூட வாசலுக்குப் போகும் என்றது கூடவே வந்த செய்தி. அன்றிலிருந்து போய்க்கொண்டிருக்கிறாள். போன இடங்களில் நடந்ததை வள்ளியம்மையிடம்கூட அவள் வாய் திறந்து சொன்னதில்லை.

"போன்ல இருந்து எடுத்தது யாருன்னு தெரிஞ்சுதா அக்கா?"

"தெரியாம என்ன? கவிதான்னு ஒருத்தி, இதே ரூம்ல கிடந்தா. சுரேஷ்குமார் அண்ணன்தான் போனை வாங்கிப் பாத்துட்டுச் சொன்னாரு. வெளியாளு இல்லம்மா, கூடப் படுத்து எந்திரிக்கிறவதான்னு."

சுரேஷ்குமார் சந்து முனையில் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். சேலத்துக்காரர். ஹிந்தியில் வாதாட வேண்டிய இடத்தில் இந்தப் பெண்களுக்காக வாதாடுவார், ஆஸ்பத்திரி என்றால் கூட வருவார். புதுப் போன் வாங்கினால் பெட்டியைப் பிரித்து, எல்லாம் போட்டு, பேச வேண்டியதுதான் பாக்கி என்று கையில் கொடுப்பார். அவர்களைத் தங்கச்சி என்று கூப்பிடுகிற ஒரே ஆண்.

கவிதா தன் பிள்ளைமேல் சத்தியம் செய்தாள். யார் கேட்டது? ஜனவரிக் குளிரில் அவள் தலைமயிரைப் பிடித்துப் படியில் இழுத்துத் தள்ளியது ராஜாத்திதான். ரயில் பாலத்தடியில் பார்த்ததாகக் கொஞ்ச நாள் சொன்னார்கள். பிறகு அப்படிச் சொல்லவும் ஆளில்லை.

"இனிமே எடுக்கிற படம் பெட்டிக்குள்ள போயிடும்," என்றான் சுந்தரேஷ். "ஆனா பழசெல்லாம் உங்க அக்கவுண்ட்ல இருக்கு. போனை உடைச்சாலும் அது அங்கேயே இருக்கும். அதை அழிச்சாதான் நிம்மதி. பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் யாரு கண்டா?"

"பரவால்ல, மறந்துட்டோம்னு போடறேன். இப்ப ஒரு நம்பர் வரும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "நல்லா கேட்டுக்கோங்க அக்கா. அந்த நம்பர் யாருக்கு வருதோ, அக்கவுண்ட் அவங்களோடது. எங்க உக்காந்தும் உங்க படம் எல்லாத்தையும் பாக்கலாம். அதனால வெளிய சொல்லாதீங்க. என்கிட்டகூட. நீங்களே போடுங்க."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

போனை அவள் கையில் கொடுத்துவிட்டு அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த அறையில் ஒரு ஆண் முகத்தைத் திருப்பிக்கொண்டு ராஜாத்தி பார்த்ததில்லை. இன்றோடு விட்டது சனி என்று நினைத்தாள். இனி அந்த எண்ணிலிருந்து எது வந்தாலும் போக வேண்டியதில்லை.

திரையில் எண் போடச் சொல்லிக் காலிக் கட்டங்கள் நின்றன.

"அச்சா, வந்துச்சா அக்கா?" சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"இருப்பா, ஒரு நிமிஷம். வள்ளி, உன் போனைத் தா."

வள்ளியம்மை வெங்காயக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள். ராஜாத்திக்கு மனப்பாடமான நம்பர். மணி அடித்த மாத்திரத்தில் எடுத்துவிட்டார்கள்.

"சுரேஷ்குமார் அண்ணே, ராஜாத்தி பேசறேன், எப்பவும் உங்க போனுக்கு வருமே அந்த நம்பர், வந்திருக்கா பாத்துச் சொல்லுங்க."